கோனியைப் பற்றியும் எழுதுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

டால்ஸ்டாயின் 'புத்துயிர்ப்பு' நாவலைப் படித்து உருகிய பலருக்கும், அதன் கரு ஒரு சட்ட அறிஞர் அவரிடம் சொன்ன உண்மைச் சம்பவம் என்பது தெரியாது. அவர்தான் அனதோலி கோனி (1844–1927).

1878இல் பீட்டர்ஸ்பர்க் ஆளுநர் திரேப்பவை வேரா ஜசூலிச் என்ற இளம்பெண் சுட்டுக் காயப்படுத்தினார். தன் முன்னால் தொப்பியைக் கழற்றவில்லை என்பதற்காக ஒரு கைதிக்குப் பிரம்படி கொடுக்க வைத்தவர் அந்த ஆளுநர். வழக்கு நீதிபதியாக இருந்த கோனியிடம் வந்தது. தண்டனைக்கு உத்தரவாதம் தர முடியுமா என்று நீதி அமைச்சர் கேட்டார். கோனி மறுத்தார். சரி, மேல்முறையீட்டில் தீர்ப்பை உடைக்க வசதியாக விசாரணையில் ஒரு பிழையாவது விட்டுவையுங்கள் என்றார் அமைச்சர். தெரிந்தே பிழை செய்ய மாட்டேன் என்றார் கோனி. என்ன நெஞ்சுரம்! ஜூரிகள் வேராவை விடுவித்தார்கள். அப்புறம் பதவி விலகச் சொல்லி நெருக்கினார்கள், கோனி அசையவில்லை.

1917 ரஷ்யப் புரட்சிக்குப் பின், பசியும் குளிருமாக இருந்த பெத்ரோகிராடில் (பீட்டர்ஸ்பர்க்கின் அப்போதைய பெயர்), ரயில் விபத்தில் கால் ஊனமான அந்த முதியவர் ஊன்றுகோல்களோடு நடந்து போய்ப் பாடம் நடத்தினார்.

ஞாயிறு மலரில் அவரைப் பற்றி விரிவாக எழுதுங்கள். சட்டம் படிக்கும் என் மகளிடம் கொடுக்கக் காத்திருக்கிறேன்.

— ஒரு வாசகர்