நடுக்கடலில் இருப்பவருக்கு 30 நாள் கெடு

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வருமான வரி மேல்முறையீடு கெடு தாண்டி வந்தாலும், போதிய காரணம் இருந்தால் ஏற்றுக்கொள்ளலாம் என்கிறது எங்கள் வழக்குக்குப் பொருந்தும் 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் 249(3) பிரிவு. எது போதிய காரணம் என்று தீர்மானிக்கிறவர்களுக்கு எங்கள் தூத்தூர் பக்கத்துத் தொழில் புரியவில்லை.

எங்கள் விசைப்படகு கொச்சி தோப்பும்படியிலிருந்து தங்கலுக்கு, அதாவது பல நாள் கடலிலேயே தங்கி மீன்பிடிக்க, புறப்பட்டால், கரை திரும்ப ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். படகில் என் வீட்டுக்காரரும் போகிறார். மீன் ஏலத் தொகை மொத்தமும் அவர் வங்கிக் கணக்கில் விழும். டீசல், ஐஸ், சாப்பாட்டுச் சாமான், தரகு, தொழிலாளிகளின் பங்கு எல்லாம் அதிலிருந்துதான் போகும். விழுந்ததை மட்டும் கூட்டி, அத்தனையும் வருமானம் என்று வரி போட்டுவிட்டார்கள். ஆணை தபாலில் வரவில்லை. வருமான வரித் துறையின் போர்ட்டலுக்கும் ஆடிட்டர் கொடுத்திருந்த மின்னஞ்சலுக்கும் போனது. மேல்முறையீட்டுக்குக் கெடு 30 நாள். கணக்கு நோட்டு என் கையில் இருந்து என்ன செய்ய? ஓடிபி வர வேண்டிய போன் அவரோடு கடலில் கிடந்தது.

அவர் கரைக்கு வந்ததும் மேல்முறையீட்டுப் படிவமான படிவம் 35-இல் தாமதத்தின் காரணத்தை எழுதி, படகு போய்வந்த விவரத்தையும் இணைத்தோம். போதிய காரணமில்லை என்று தள்ளிவிட்டார்கள். டீசல் பில், பங்குக் கணக்கு எதற்குள்ளும் போகவில்லை.

ஒவ்வொரு நாள் தாமதத்துக்கும் விளக்கம் கேட்டு முரட்டுப் பிடியாக நிற்கக் கூடாது, தாமதிப்பதால் மனுதாரருக்கு லாபம் ஏதுமில்லை என்று உச்ச நீதிமன்றம் 1987-இலேயே சொல்லிவிட்டது. அந்த நில எடுப்பு வழக்கில் 4 நாள் பிந்தி வந்தது அரசுத் தரப்புதான்! அரசுக்குக் கிடைத்த பொறுமை மீன்பிடிக்கிறவனுக்கு ஏன் கிடைக்காது?

அடுத்து சென்னையில் உள்ள வருமான வரி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம் என்கிறார்கள். வரியைவிட வக்கீல் செலவு பெரிதாகிவிடும். அதற்கும் ஒரு கெடு உண்டு; நடுவில் இன்னொரு தங்கலும் வரும்.

தாமதத்தைக் காட்டித் தள்ளுவதற்கு முன் காணொளியிலாவது ஒருமுறை கூப்பிட்டுக் கேளுங்கள். துறைமுகப் பதிவை ஆதாரமாக எடுத்துக்கொள்ளுங்கள். மீனவர்களுக்கு வரும் ஆணையை வீட்டு முகவரிக்குப் பதிவுத் தபாலிலும் அனுப்புங்கள். வருமான வரித் துறை இந்த மூன்றையும் செய்ய வேண்டும்.

இப்படிக்கு,
விசைப்படகு உரிமையாளரின் மனைவி,
தூத்தூர், கன்னியாகுமரி மாவட்டம்.