அரவை மெஷின் வாங்குமுன்

கோத்தகிரி

அன்புள்ள ராசு,

பதில் போடாமல் ஒரு மாதம் இழுத்துவிட்டேன், நன்றாகத் திட்டிக்கொள். இங்கே எல்லாரும் சுகம். மேஸ்திரி மகளுக்குத் தை மாதம் கல்யாணம். நீ வராவிட்டால் அவர் என்னைத்தான் கேட்பார்.

உன் கடைசி வரிதான் இன்று பேனாவை எடுக்க வைத்தது. ஹோட்டல் மிச்சத்தை அரைக்க அரவை மெஷினுக்கு முன்பணம் கொடுக்கப் போகிறாயாமே? கொடுக்காதே. பழைய ஜீப் விஷயத்தில் அவசரப்பட்ட மாதிரி இதிலும் அவசரப்படாதே.

கொடைக்கானல் ஹோட்டல் மிச்சத்தில் சிப்பாய் ஈப் புழு (மிச்ச உணவைத் தின்று வளரும் கறுப்பு ஈயின் புழு) வளர்த்துப் பண்ணைக்காடு ஊரில் கோழிக்குப் போடுவது நல்ல யோசனை. ஆனால் வாளியில் சோறும் காய்த்தோலும் மட்டுமா வருகிறது? பால் கவரில் கத்தரித்த மூலை, டீ பேக் வலை, சாம்பார் பார்சல் பை, ஆப்பிள் ஸ்டிக்கர், பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரின் துணுக்கு எல்லாம் வரும். பிளாஸ்டிக் பூசிய பேப்பர் கப்புக்கு தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதலே தடை. ஆனாலும் வாளியைக் கவிழ்த்தால் இருக்கும். பால் கவருக்கோ தடையே இல்லை.

முழுக் கவரைப் புழு ஒன்றும் செய்யாது, ஒதுக்கிவிடும். அதன் வாய்க்குள் நுழையும் அளவுத் தூளைத்தான் உணவோடு விழுங்கும். அந்தத் தூளைச் செய்து கொடுப்பது உன் மெஷின்தான்! நகத்தளவு பால் கவர் மூலை ஒன்று பிளேடில் மாட்டினால் எத்தனை துணுக்காகும் என்று நினைத்துப் பார். அரைத்தபின் பொறுக்க முடியாது. ஆகவே முதலில் மேசை போட்டு, மிச்சத்தை இரண்டு விரல் கனத்துக்குப் பரப்பி, கையுறையோடு பொறுக்கு. அரவை அதற்குப் பிறகுதான். ஹோட்டல்காரர்களிடம் இன்னொன்றும் சொல்: கவர் மூலையை முழுதாகக் கத்தரிக்காமல் ஒட்டியபடி விடட்டும்.

பிளாஸ்டிக் கலந்தாலும் புழு பெரும்பாலும் நன்றாகவே கொழுக்கும். எடையைப் பார்த்து எதுவும் தெரியாது. விழுங்கியதில் பெரும்பகுதி வெளியேறிவிடும், ஆனால் அறுவடை நேரத்தில் குடலில் இருப்பது அப்படியே கோழி வயிற்றுக்குப் போகும். அதனால் எடுப்பதற்கு முன் ஒரு நாள், முடிந்தால் இரண்டு நாள், சுத்தமான ஈரத் தவிட்டில் விடு. வெறும் பட்டினி போதாது. புதுத் தீனி உள்ளே போனால்தான் பழையது தள்ளப்படும். பிறகு கழுவிக் காய வை. தவிட்டைச் சணல் சாக்கில் வாங்கு. வெயிலில் கிடந்த பிளாஸ்டிக் சாக்கைத் தேய்த்துப் பார், நூல் நூலாய் உன் விரலிலேயே ஒட்டும். கொட்டகைக்குப் போடும் பாலித்தீன் ஷீட்டும் அப்படித்தான்: புழுவுக்கு 27 முதல் 30 டிகிரி சூடு வேண்டுமென்று போடுவாய், நொறுங்க ஆரம்பித்ததும் மாற்றிவிட வேண்டும்.

இனி எனக்குத் தூக்கம் கெடுக்கும் விஷயம். புழு சுத்தமானால் பிளாஸ்டிக் எங்கே போயிற்று? புழு தின்று மீந்த எருவுக்குள். அந்த எருவைப் பூம்பாறைப் பூண்டுக்காரருக்கும் கேரட் தோட்டத்துக்கும் விற்கப் போவதாய் எழுதியிருக்கிறாய். படிக்கட்டு வயலில் போட்டால் ஒரு கோடை மழை போதும், மண்ணோடு ஓடைக்கு இறங்கிவிடும். மண்ணில் தங்கியதைத் திரும்ப எடுக்க வழியில்லை, ராசு. கோழிக்கு ஒரு நாள் தீனி கெட்டால் மாற்றலாம். வயலை எப்படி மாற்றுவாய்?

சோதனை எளிது. ஒரு லிட்டர் தண்ணீரில் 350 கிராம் உப்பைக் கரை. காய்ந்த எரு 100 கிராம் போட்டுக் கலக்கி, கண்ணாடிப் பாத்திரத்தில் ராத்திரி முழுக்க விடு. மேலே மிதப்பதைப் பருத்தித் துணியில் வடிகட்டு (நைலான் வலையில் வடிகட்டினால் அதன் இழையே வந்து சேரும்). உமியும் புழு உரித்த தோலும் கூட மிதக்கும். லென்ஸ் வைத்துக்கொண்டு பழுக்கக் காய்ச்சிய ஊசியால் தொடு: தோலும் உமியும் கருகும், பிளாஸ்டிக் சுருண்டு உருகும். பால் கவர், பார்சல் பை, நைலான் நார் எல்லாம் இதில் மிதந்துவிடும். பாலியஸ்டர் டீ பேக் வலை மட்டும் கனம், அடியில் தங்கும். அதனால் மேலே ஒன்றுமில்லை என்று நிம்மதி அடையாமல் அடிவண்டலையும் கிளறிப் பார்.

இந்தச் சோதனை முடியும்வரை தோட்டக்காரர் யார் கேட்டாலும் எரு கொடுக்காதே. நீ மாதிரிக்குப் புழு வளர்த்த பெட்டியின் எருவில் ஒரு கிலோவை நன்றாகக் காயவைத்துக் கல்யாணத்துக்கு வரும்போது எடுத்து வா. உப்பு என்னிடம் இருக்கிறது.

உன்,
மாணிக்கம்