வலது மூலைப் புள்ளி

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

செல்போன் வந்த பிறகு பிள்ளைகளுக்கு ஒரு படத்தை முழுசாகப் பார்க்கும் பொறுமை போய்விட்டது என்று சென்ற இதழில் ஒரு வாசகர் வருந்தியிருந்தார். மதுரையில் 31 வருடம் கேபினுக்குள் நின்று படம் ஓட்டியவன் நான். பழியைப் பார்க்கிறவர் தலையில் மட்டும் போடுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

அப்போது எல்லாம் ஃபிலிம். நொடிக்கு 24 படம்; 1,000 அடி ஓட 11 நிமிடம். ரீல் முடியப்போகும்போது திரையின் வலது மேல் மூலையில் ஒரு புள்ளி மின்னும். உடனே அடுத்த ரீல் மாட்டியிருக்கும் இன்னொரு புரொஜெக்டரின் மோட்டாரைப் போடுவோம். கிட்டத்தட்ட 7 நொடியில் இன்னொரு புள்ளி. அதோடு மாற்றிவிட வேண்டும். எங்களுக்குப் பளிச்சென்று தெரியும் அந்தப் புள்ளியை, அத்தனை படம் பார்த்த என் வீட்டம்மா ஒருமுறைகூடக் கண்டதில்லை. நான் காட்டிக்கொடுத்த பிறகு, 'இப்ப அதுதான் தெரியுது, ஏன் சொன்னீங்க' என்று கோபித்துக்கொண்டார்.

கையை நீட்டிக் கட்டைவிரலைப் பார்த்தால் நகம் எவ்வளவு அகலமோ, ஏறக்குறைய அவ்வளவுதான் நம் கண் கூர்மையாகப் பார்க்கும் இடம். அதை எங்கே நிறுத்துவது என்று அந்தக் கால இயக்குநர்களுக்குத் தெரிந்திருந்தது. இருட்டில் ஒரு முகத்துக்கு மட்டும் வெளிச்சம். கூட்டமே அசையாமலிருக்க ஒருவர் மட்டும் திரும்புவார். முந்தைய ஷாட்டில் கண் எங்கே நின்றதோ, அங்கேயே அடுத்த ஷாட்டின் முகம் வரும். பிறகு மூலைப் புள்ளியை யார் பார்ப்பார்?

கேபினில் மெஷின் சத்தம். அரங்கில் நடப்பது காதில் விழாது. ஓட்டை வழியாகத் தலைகள்தான் தெரியும். தாழ்ப்பாள் மெல்ல நகரும் காட்சி ஒன்றில், தரை டிக்கெட்டில் வாய்க்குப் போன பீடிக் கனல் பாதி வழியில் அப்படியே நின்றதைப் பார்த்திருக்கிறேன்.

போன மாதம் பேரனோடு ஒரு புதுப்படம் போனேன். தொடக்கத்திலிருந்து இசை ஓயவே இல்லை. திரை முழுக்கத் தூசியும் ஓட்டமும், எதைப் பார்ப்பது? பேரன் போனை எடுத்துவிட்டான். இடைவேளைக்குப் பின் ஒரு தாய் சோற்றைப் பிசைந்தபடி வாசலைப் பார்க்கிறாள். பேச்சில்லை, இசையில்லை, அந்தக் கை மட்டும். பேரன் போனை மடியில் கவிழ்த்தான். முன்வரிசைகளிலும் வெளிச்சங்கள் ஒவ்வொன்றாய் அணைந்தன.

உங்கள் விமர்சகர்கள் கதை, நடிப்போடு இதையும் எழுத வேண்டும்: எந்தக் காட்சியில் அரங்கின் போன்கள் அணைந்தன, எந்தக் காட்சியில் மறுபடி எரிந்தன என்று.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தியேட்டர் ஆபரேட்டர்,
செல்லூர், மதுரை.