தரை துடைப்பது துணைப்பணியா?

பெங்களூரு தனியார் மருத்துவமனை நிர்வாகத்தினருக்கு,

வணக்கம். உங்களைப் போன்றோரிடம் முப்பதாண்டுகள் செவிலியராக வேலை பார்த்துவிட்டு, இப்போது அல்சூரில் பேரப்பிள்ளைகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பவள் நான்.

2025 நவம்பர் 21 அன்று நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தன. பழைய மத்தியச் சட்டங்கள் 29 அவற்றுக்குள் அடங்கிவிட்டன. மொத்த ஊதியத்தில் படிகள் (அலவன்ஸ்) பாதிக்கு மேல் போனால் மிகுதி சம்பளக் கணக்கோடு சேருமே, பி.எஃப். எவ்வளவு கூடும் என்று உங்கள் கணக்குப் பிரிவு கவலைப்பட்டுக்கொண்டிருக்கும். படட்டும். நான் சொல்ல வந்தது வேறு.

மையப் பணிகளில், அதாவது ஒரு நிறுவனம் எதற்காக நடக்கிறதோ அந்த முதன்மை வேலைகளில், ஒப்பந்தத் தொழிலாளரை அமர்த்துவதைப் புதிய சட்டம் பொதுவாகத் தடுக்கிறது. ஆனால் துப்புரவை மையப் பணிக் கணக்கிலிருந்து விலக்கிவிட்டது. ஜவுளிக்கடைக்கு அது பொருந்தலாம். அறுவைக்கூடத்தின் தரையைத் துடைக்காமல் எந்த மருத்துவர் கத்தியைத் தொடுவார்?

ஓர் இரவுப்பணி நினைவுக்கு வருகிறது. துப்புரவு வேலை பார்த்த கிருஷ்ணகிரிப் பக்கத்து அக்கா ஒருவர் குப்பைப் பையைத் தூக்கியபோது உள்ளங்கையில் ஊசி ஏறிவிட்டது. வெள்ளைப் பெட்டிக்குப் போக வேண்டிய ஊசியை யாரோ மஞ்சள் பையில் போட்டிருந்தார்கள். (யாரோ என்ன, எங்கள் செவிலியரில் ஒருத்திதான்.) எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. மேற்பார்வையாளரோ, "அவர் நம் ஆள் இல்லை, காண்ட்ராக்ட். அவர்கள் கம்பெனியிடம் சொல்லுங்கள்" என்றார். கம்பெனி போனை எடுக்கவில்லை. மருந்து மூன்றாம் மாடியில் இருந்தது. அக்கா கையைப் பிடித்தபடி கீழே உட்கார்ந்திருந்தார். விடியும் நேரத்தில் ஒரு பயிற்சி மருத்துவர் தன் பொறுப்பில் எழுதிக் கொடுத்தார்.

மருத்துவக் கழிவைக் கையாளும் எவருக்கும் ஹெபடைடிஸ் பி, டெட்டனஸ் தடுப்பூசிகளும் ஆண்டுதோறும் உடல் பரிசோதனையும் தர வேண்டும் என்று 2016ஆம் ஆண்டு மருத்துவக் கழிவு விதிகளே சொல்லிவிட்டன. அதில் நம் ஆள், காண்ட்ராக்ட் ஆள் என்ற பிரிவினை கிடையாது. ஒப்பந்ததாரர் கூலி தராவிட்டால் நீங்கள் தர வேண்டும் என்பதும் பழைய சட்டத்திலேயே இருந்ததுதான். ஆகவே சட்டம் புதிது, பழகக் காலம் வேண்டும் என்று தயவுசெய்து சொல்லாதீர்கள்.

புதிதாக வந்தது ஒன்று உண்டு. குறித்த கால ஒப்பந்தத்தில் நேரடியாக எடுக்கப்படுபவருக்கு ஓராண்டு முடிந்தாலே பணிக்கொடைக்கு (கிராஜுவிட்டி) உரிமை இருக்கிறது. இடையில் கம்பெனி வேண்டாம். துப்புரவுப் பணியாளர்களை இப்படி நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள். சட்டம் வற்புறுத்தவில்லைதான், தடுக்கவும் இல்லை.

அந்த அக்கா பதினோரு ஆண்டுகள் அதே மாடியைத் துடைத்தார். அதற்குள் கம்பெனி நான்கு முறை மாறியது, ஒவ்வொரு முறையும் சீருடையின் நிறம் மாறியது. எந்தக் கம்பெனியிலும் ஐந்தாண்டு நிறையவில்லை என்று பணிக்கொடை ஒரு ரூபாய்கூட வரவில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர், அல்சூர்