உள்ளூர் டிவி சேனல்காரங்களுக்கு: வீட்டு அடுப்புல செய்யற சமையல காட்டுங்க

உள்ளூர் சேனல் நடத்துறவங்களுக்கும் அதுல சமையல் நிகழ்ச்சி எடுக்குறவங்களுக்கும் வணக்கம்.

கோரிக்கைய நேராவே சொல்லிடுறேன். வாரத்துல ரெண்டு மூணு நாளாவது, அஞ்சு நிமிஷம் போதும், கையில காசு கம்மியா இருக்குறவங்க, ஒரே அடுப்பு வச்சிருக்குறவங்க, வேலை முடிஞ்சு அலுத்து வர்றவங்க செஞ்சு சாப்பிடுற மாதிரி சத்தான சமையல் காட்டுங்க. இப்ப வர்றதுல பாதி விருந்து சமையல், மீதி ஓட்டல் சமையல். பாக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா கிச்சனுக்குள்ள போய் பாத்தா அதுல பாதி சாமான் நம்மகிட்ட இருக்காது.

யூட்யூப்ல ஆயிரம் வீடியோ கிடக்கேன்னு நீங்க கேக்கலாம். கிடக்கு. ஆனா இந்த வாரம் நம்ம மார்க்கெட்ல எந்த காய் மலிவுன்னு எங்கயோ உக்காந்து வீடியோ போடுறவருக்கு எப்படி தெரியும்? உங்களுக்குத்தான் தெரியும். காலையில கேமராவ தூக்கிட்டு மார்க்கெட்டுக்கு போங்க, எது குவிஞ்சு கிடக்கோ அத வாங்குங்க, அத வச்சே சமைங்க, மொத்தம் எவ்ளோ செலவாச்சு, எத்தன பேர் சாப்பிடலாம், தலைக்கு எவ்ளோ வருதுன்னு ஸ்க்ரீன்ல போடுங்க. கணக்கு மட்டும் நேர்மையா இருக்கணும். "இந்த சாஸ் ஒரு ஸ்பூன்"னு ஈஸியா சொல்லிடுறீங்க, கடையில ஒரு ஸ்பூன் தருவாங்களா, முழு பாட்டில்தான வாங்கணும். அப்படி ஒண்ணு வாங்க வச்சா மிச்சத்த தீக்குற மாதிரி அடுத்த ரெண்டு மூணு நாள் சமையலையும் நீங்களே காட்டுங்க.

சத்து பத்தி லெக்சர் வேணாம், கண்ணுல காட்டுங்க. பெரியவங்களுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்கு கம்மியா உப்பு போதும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது, அதாவது ஏறக்குறைய ஒரு டீஸ்பூன். அந்த ஒரு டீஸ்பூன ஒரு தட்டுல கொட்டி வைங்க, மூணு வேளைக்கும் சேத்து இவ்ளோதான்னு சொல்லுங்க. "தேவையான அளவு உப்பு"ன்னு கையால அள்ளி போடுறத பாத்து பாத்தே வளந்தவங்களுக்கு அது ஒரு அதிர்ச்சியா இருக்கும். காய்கறி பழம் நாளைக்கு 400 கிராமாவது வேணும்னும் அவங்களே சொல்றாங்க, அதையும் தராசுல வச்சு காட்டுங்க. எண்ணெய பாட்டில சரிச்சு ஊத்தாம ஸ்பூன்ல அளந்து ஊத்துங்க.

இன்னொரு விஷயம், எனக்கு ரொம்ப முக்கியமா படுது. "ஏற்கனவே வேக வச்சு எடுத்து வச்சிருக்கேன்"னு ஒரு கிண்ணத்த எடுக்குறீங்க பாருங்க, புதுசா சமைக்கிறவங்களுக்கு தெரிய வேண்டியதே அந்த கிண்ணத்துக்கு முன்னாடி நடந்ததுதான். காய்ஞ்ச பயறு மாதிரி கம்மி காசுல புரதம் தர்ற சாமான் ரொம்ப கொஞ்சம்தான் இருக்கு, ஆனா ராத்திரியே ஊற வச்சா சீக்கிரம் வெந்து கேஸ் மிச்சமாகும்னு யாராவது சொல்லணும்ல. சிவப்பு ராஜ்மா அரைவேக்காடா இருந்தா வாந்தி, வயித்துப்போக்கு வரும், ஊற வச்ச தண்ணிய கொட்டிட்டு புது தண்ணியில தளதளன்னு குறைஞ்சது 10 நிமிஷம் கொதிக்க விட்டு அப்புறம் நல்லா வேக வைக்கணும், கொதிக்க விடாம சிறு தீயிலயே வச்சா அதுல இருக்குற நச்சு போகாது. இத கட் பண்ணிட்டு அலங்காரத்துக்கு ஒரு நிமிஷம் ஒதுக்குறது எனக்கு சரியாவே படல. கீரை, பயறோட எலுமிச்சம்பழம் பிழிஞ்சா அதுல இருக்குற இரும்புச்சத்து உடம்புல நல்லா சேரும், இத சொல்ல பத்து செகண்ட் ஆகுமா? மிஞ்சினத ரெண்டு மணி நேரத்துக்குள்ள ஃப்ரிட்ஜ்ல வைக்கணும், திரும்ப சாப்பிடும்போது ஆவி பறக்க சூடு பண்ணணும்னும் சேத்து சொல்லிடுங்க.

ஸ்பான்சர் இல்லாம சேனல் ஓடாது, புரியுது. விளம்பரத்த இடைவேளையில போட்டுக்கங்க, சட்டிக்குள்ள என்ன போகணும்னு மட்டும் அவங்க முடிவு பண்ண வேணாம்.

அப்புறம் நேரம். காலையில பதினொரு மணிக்கு போட்டா வேலைக்கு போறவங்க யாரும் பாக்க முடியாது, சாயங்காலம் அடுப்பு பத்த வைக்கிறதுக்கு முன்னாடி ஒரு தடவ மறுபடி போடுங்க. அளவுகள பெரிய எழுத்துல, எழுதி எடுக்குற வரைக்கும் நிறுத்தி வைங்க, படிக்கத் தெரியாதவங்களுக்காக வாயாலயும் ஒரு தடவ நிதானமா சொல்லுங்க.