சனசமூக நிலைய ஆண்டறிக்கை: பழைய தவறணைப் பதிவு

தலைவர் அவர்களே, அங்கத்தவர்களே,

வாசிகசாலையும் விளையாட்டுத் திடலும் வழமைபோல் நடந்தன. கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். இவ்வாண்டு அதிக நேரம் எடுத்தது ஊரின் பழைய தவறணையை, அதாவது பனங்கள்ளு விற்ற கடையைப் பற்றிய பதிவுதான்.

கிடுகுக் கொட்டிலும் மண் தரையுமாக இருந்த இடத்தில் பார்க்கக் கட்டிடம் ஒன்றும் மிஞ்சாது. ஆனால் பெயரே பழசு: போர்த்துக்கேயரின் ‘தவேர்னா’ நம் வாயில் தவறணையாயிற்று. ஆங்கிலேயர் காலத்தில் விற்கும் உரிமை ஏலத்தில் போனது. 1912 ஆம் ஆண்டின் மதுவரிக் கட்டளைச் சட்டம் வந்தபின் அனுமதிப்பத்திரமின்றிக் கள்ளுக்காக மரம் சீவுவதே குற்றமாயிற்று. உயிரைப் பணயம் வைத்து மரமேறியவருக்குக் கூலி, கீழே நின்ற குத்தகைக்காரருக்கு இலாபம். 1972 இல் சீவல் தொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்கள் அமைந்ததுதான் இந்தக் கணக்கை மாற்றியது. சீவுபவர் வீட்டில் தண்ணீர் குடிக்க மறுத்தவர்கள் அவர் இறக்கிய கள்ளை மட்டும் தயங்காமல் குடித்ததையும் பதிவிலிருந்து நீக்கவில்லை. நீக்கச் சொன்னவர்களுக்கு இதுவே பதில்.

சேர்த்த பொருட்களில் முட்டிகளே சிக்கலானவை. உள்ளே வெள்ளைப் படிவு இருந்தால் அது கருப்பநீர் (புளிக்காத இனிப்புச் சாறு) முட்டி, சாறு புளிக்காமலிருக்கச் சுண்ணாம்பு பூசியது. படிவில்லாதது கள்ளு முட்டி. ஆர்வத்தில் தேய்த்துக் கழுவினால் இரண்டையும் பிரித்தறிய முடியாது. தூசியை மட்டும் துணியால் தட்டுங்கள். சுண்ணாம்பு குறைந்தால் கருப்பநீர் புளிக்கத் தொடங்கிவிடும். பிறகு எவ்வளவு காய்ச்சினாலும் பனங்கட்டி இறுகாது. கூடினால் காறும்.

பாளைக்கத்தி, தட்டுப்பொல்லு, இயனக்கூடு (கருவிகளை வைத்து இடுப்பில் கட்டும் கூடு), தளநார் (மரமேறக் காலில் மாட்டும் நார் வளையம்) நான்கும் கிடைத்தன. கத்திக்குத் தேங்காயெண்ணெய் போதும். தளநார் உக்கியிருக்கிறது, காலில் மாட்டி மரத்தில் சோதிக்க வேண்டாம். பொல்லின் வேலை பலருக்குத் தெரியவில்லை. பாளையைக் கட்டி, நாட்கணக்கில் மெதுவாகத் தட்டிப் பதப்படுத்தினால்தான் சாறு இறங்கும். ஓங்கித் தட்டினால் பாளை அழுகும். காலையும் மாலையும் நுனியை மெல்லிய சீவலாக எடுக்கவேண்டும்; தடிப்பாக எடுத்தால் பருவம் முடியுமுன்பே பாளை தீர்ந்துவிடும்.

கள்ளுக் குடிக்கும் ஓலைக் குவளையான பிளாவைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கும் யோசனை சரிவரவில்லை. பச்சையோலையில் மடித்துக் கட்டுவது அது. காய்ந்ததும் மடிப்பில் வெடித்து ஒழுகும். காட்சிக்கு அவ்வப்போது புதிதாகக் கட்டவேண்டும். பிளாவுக்கு நிலையான அளவு கிடையாது. அதனால் விற்பனையில் போத்தலே அளவு.

காலையில் இறக்கிய கள்ளு மாலைக்குள் காரமேறும். மதுசாரம் 4 முதல் 6 சதவீதம் வரை. அடுத்த நாள் புளித்து வினாகிரிப் பக்கம் போய்விடும். தவறணை மரங்களுக்கு அருகிலேயே இருந்ததற்கும், மிச்சம் அப்பமாவுக்குப் போனதற்கும் இதுவே காரணம். (அப்பத்துக்கு இன்றும் அதை மிஞ்சியது இல்லை என்பது செயலாளரின் சொந்த அபிப்பிராயம்.)

யுத்த காலத்தில் பதுங்குகுழிகளுக்காகப் பனைகள் தறிக்கப்பட்டன. ஒரு பனை பாளை தள்ளப் பதினைந்து ஆண்டுக்கு மேல் ஆகும் என்பதால் இன்று விதைப்பது அடுத்த தலைமுறைக்குத்தான். ஆவணியில் விழும் பழங்களின் விதைகளைச் சேர்த்து, ஒழுங்கை ஓரம் ஊன்றுவதற்கு அங்கத்தவர்களின் பெயர்களை இன்றே பதிய வேண்டுகிறேன்.

செயலாளர்