ஓட்டுநர் கண்ணில் ப்ளாஷ் அடிக்க வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மதுரைப் புறவழிச்சாலையோரம் நின்று, இரவில் எதிரே வரும் வண்டிகளை ப்ளாஷ் அடித்துப் படமெடுக்கும் இளைஞர்களை இப்போது அடிக்கடி பார்க்கிறேன். இருபது ஆண்டுகளாகக் கல்யாணப் படம் எடுத்து வருபவன் என்ற முறையில், தங்கள் நாளிதழ் வழியாக அவர்களிடம் ஒன்று சொல்ல விரும்புகிறேன்.

தொழிலுக்கு வந்த புதிதில் நானும் அப்படிச் செய்தவன்தான். ஒருநாள் ப்ளாஷ் வெட்டியதும், எதிரே பைக்கில் வந்தவர் கண் கூசித் தடுமாறி, சாலையோர மணலில் வண்டியை இறக்கி நிறுத்தினார். அடிபடவில்லை என்றாலும், இறங்காமல் அப்படியே கண்ணைக் கசக்கிக்கொண்டு அவர் நின்றதை இன்னும் மறக்க முடியவில்லை. இத்தனைக்கும் படம் தேறவில்லை. ப்ளாஷ் ஒளியைத் திருப்பியடித்த நம்பர் பிளேட் மட்டும் வெள்ளையாக வெளுத்திருந்தது, வண்டி இருட்டோடு இருட்டாகக் கிடந்தது.

ப்ளாஷ் இல்லாமலே எடுக்கலாம். தெருவிளக்கு நன்றாக விழும் இடமாகப் பார்த்துச் சாலையை விட்டு விலகி நின்று, கேமராவுக்குள் ஒளியை விடும் திரையான ஷட்டர் 1/30 விநாடி திறந்திருக்கும்படி வைத்து, வண்டி தொலைவில் வரும்போதே அதைக் கேமராவில் பிடித்து, அதன் வேகத்துக்கு இடுப்பிலிருந்து உடம்பைத் திருப்பிக்கொண்டே வந்து, நேர் எதிரே கடக்கையில் பொத்தானை அழுத்த வேண்டும். அழுத்திய பிறகும் திருப்புவதை நிறுத்தக் கூடாது. பலரும் தவறுவது இங்கேதான். கை பழகிவிட்டால் வண்டி தெளிவாகவும், பின்னாலுள்ள கடை விளக்குகள் நீண்ட கோடுகளாகவும் விழும். வேகமான ஷட்டரில் பாதி எழுத்து அறுந்துபோகும் பேருந்தின் எல்இடி ஊர்ப்பெயர்ப் பலகைகூட இதில் முழுதாகத் தெரியும்.

ஓடும் வண்டிகளின் விளக்குக் கோடுகள் மட்டும் போதும் என்பவர்கள், சூரியன் மறைந்த அரைமணிக்குள், வானத்தில் நீலம் மிச்சமிருக்கும்போதே, நடைமேம்பாலத்தில் முக்காலியை நிறுத்தி, ஒளி உணர்திறனை ஐஎஸ்ஓ 100, லென்ஸ் துளையை எஃப்/11 என வைத்துப் பத்து, பதினைந்து விநாடி ஷட்டரைத் திறந்து வைக்கலாம். ஆள் நடந்தாலே பாலம் அதிரும் என்பதால், அதிர்வு அடங்கிய பிறகு எடுப்பது நல்லது.

வாசகர்கள் அனுப்பும் படங்களை வெளியிடும்போது, எதிரே வரும் வண்டிக்கு ப்ளாஷ் அடித்து எடுத்தவற்றைத் தேர்வு செய்ய வேண்டாம் என்று தங்களை அன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
ஒரு வாசகர், மதுரை